ஒன்பதாம் எண் பெட்டி

வெர்னாவுக்குச் சாவி கிடைத்தது மருந்துக் கடையில். வின்னிபெக்கின் தெற்கு ஓரத்தில் புதிதாக முளைத்த அந்தக் குடியிருப்பில் தபாலகம் என்று தனியாக ஒன்று கிடையாது. இருமல் மருந்தையும் நாய்த் தீனியையும் தாண்டிப் போனால் ஒரு கவுண்டர், அதுதான் தபாலகம். அங்கிருந்த பெண் வீட்டுப் பத்திரத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு சாவிகள் போட்ட ஒரு சின்ன உறையை நீட்டினாள். பெட்டி எங்கே இருக்கிறது, எந்த எண், சாவி தொலைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஏதேதோ சொன்னாள். வெர்னா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எட்டு மாதமாக யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள். ஒரு வார்த்தையும் உள்ளே இறங்காது.

உறையின் மேல் ‘9’ என்று பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்க்கக் கண் இருந்தால் போதாது, மனசும் அங்கே இருக்க வேண்டும். அவள் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உறையோடு கணவர் ஒரெஸ்டிடம் கொடுத்துவிட்டு, தங்கள் வீட்டு எண் பதினான்கு என்பதால் பெட்டியும் பதினான்குதான் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள்.

தெருமுனையில் நின்றது அந்தப் பெட்டி. பெட்டி என்பதைவிட இரும்பு பீரோ என்று சொல்லலாம். சின்னச் சின்னக் கதவுகளாகப் பதினாறு, அடியில் பார்சலுக்கு இரண்டு பெரிய கதவுகள். வீட்டுக் கதவில் தபால் போடுவதெல்லாம் பழைய தெருக்களோடு சரி. இங்கே தபால்காரர் வண்டியில் வந்து இந்தப் பீரோவில் போட்டுவிட்டுப் போய்விடுவார். வேண்டுமென்றால் நாம் நடந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மேப்பிள் தெரு, எல்ம் தெரு, ஆஸ்பென் தெரு என்று பெயருக்குக் குறைவில்லை. மரம்தான் ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் பதினான்காம் கதவில் சாவியைப் போட்டாள். உள்ளே போனது, திரும்பவில்லை. அன்றைக்கு மைனஸ் பத்தொன்பது. பூட்டு உறைந்துபோயிருக்கும் என்று நினைத்தாள். அந்த ஊரில் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை கார்க் கதவு உறையும், கொட்டகைப் பூட்டு உறையும், மூக்குக்குள் இருக்கும் முடிகூட உறையும். தபால்பெட்டி மட்டும் விதிவிலக்கா?

வீட்டுக்கு வந்து ஒரெஸ்டிடம் சொன்னாள். “பூட்டு உறைஞ்சிருக்கு.”

ஒரெஸ்ட் காபிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “குளிர் கொஞ்சம் குறையட்டும்,” என்றார்.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் நிம்மதிதான். திறக்காத பெட்டிக்குள் எந்தக் கடிதமும் வந்திருக்க முடியாது அல்லவா?

வர வேண்டியது ஒரே ஒரு கடிதம். மாகாணத்தின் மரண விசாரணை அலுவலகத்திலிருந்து. மே மாதம் அவளே படிவம் நிரப்பிக் கேட்டது. பிறகு ஏரிக்கரை வீட்டை விற்றபோது, புது முகவரியையும் அவளே எழுதி அனுப்பியிருந்தாள். மகன் டிராவிஸ் எப்படிச் செத்தான் என்று அதில் இருக்கும். எப்படி என்பது ஊருக்கே தெரியும்: மார்ச் கடைசி வாரத்தில், உறைந்த ஏரியின் மேல் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான், பனி உடைந்தது, வண்டியோடு உள்ளே போய்விட்டான். தெரியாதது ஒன்றுதான். பனியில் துளையிட்டு மீன் பிடிக்க ஏரி மேல் போட்டிருந்த குடில் பக்கம் போகாமல், ஆண்டுதோறும் பனி பிளக்கிற வடக்குப் பக்கம் ஏன் போனான்? அந்த ஏரியில் பிறந்து வளர்ந்த முப்பத்தோரு வயது ஆள் வழி தெரியாமலா போனான், தெரிந்தேவா?

முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள்தான் சொன்னாள். வேலை போய் ஏழு மாதமாக வீட்டில் கிடக்கிறவனிடம், பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: “ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்குள்ள நீ இந்த வீட்டை விட்டுப் போயிடணும், டிராவிஸ். என்னால முடியல.” அவன் “சரிம்மா” என்றான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “சரிம்மா” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். காலையில் அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் படுக்கையிலிருந்து எழுந்து வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. சவப்பெட்டி தேர்ந்தெடுத்தாள், வீட்டை விற்றாள், பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். எல்லாவற்றையும் யாரோ ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். வெர்னா அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வரவில்லை. அக்கம்பக்கத்தார் தைரியமானவள் என்றார்கள். தைரியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தாள்.

ஆனால் மதியம் ஒரு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டிக்குப் போவதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. பூட்டில் தெளிக்கும் மருந்து வாங்கினாள், தெளித்தாள். பெட்ரோல் நிலையத்தில் ஒரு லைட்டர் வாங்கி, சாவியைச் சூடாக்கிச் செருகினாள், பூட்டையே சூடாக்கிப் பார்த்தாள். பதினான்காம் கதவின் வண்ணம் கருகிப் பொரிந்தது. சாவி திரும்பவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் முயற்சி செய்துவிட்டு, கடமை முடிந்தது என்று வீடு திரும்பினாள். மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கலாம். இரண்டும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் செய்யவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘பெட்டியை உடைக்கப் பார்க்கும் திருடனுக்கு: உன் வேலை எனக்குத் தெரியும். கேமரா வரப்போகிறது. கடவுளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.’ வெர்னா இரண்டு முறை படித்தாள். என்ன ஜனங்கள், புதுக் குடியிருப்பிலும் திருட்டா என்று நினைத்தாள். நல்ல வேளை, நம்முடைய பெட்டி உறைந்து கிடக்கிறது, எவனாலும் திறக்க முடியாது என்றும் நினைத்தாள். பிறகு லைட்டரை எடுத்தாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் பிடிபட்டாள்.

ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. கோட்டுக்குக் கீழே ஆஸ்பத்திரி நர்ஸுகள் போடும் நீலக் கால்சட்டையோடு ஒரு பிலிப்பினோப் பெண் இறங்கி ஓடிவந்தாள். நாற்பது வயது இருக்கும். “கையை எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!”

வெர்னா லைட்டரை அணைத்தாள். “பூட்டு உறைஞ்சிருக்கு.”

“யார் பூட்டு?”

“என் பூட்டு.”

“உங்க பூட்டா? உள்ள எங்கம்மா செபுவிலருந்து அனுப்பின கிறிஸ்துமஸ் கார்டு இருக்கு. அதுவும் உங்களுதா?”

“நான் பதினாலாம் நம்பர் வீடு,” என்றாள் வெர்னா.

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கையிலிருந்த லைட்டரைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். “ஐயோ ஆன்ட்டி! வீட்டு நம்பர் வேற, பெட்டி நம்பர் வேற! நான் இருபத்திரெண்டுல இருக்கேன், என் பெட்டி பதினாலு. ரெண்டு மாசமா என் கதவை வாணலி மாதிரி காய வச்சது நீங்கதானா? நான் எவனோ திருடன்னு கேமராவுக்கு விலையெல்லாம் விசாரிச்சுட்டேன்!”

“அந்த நோட்டீஸ்...”

“நான்தான் ஒட்டினேன். படிக்கலையா?”

“படிச்சேன். திருடன் வேற யாரோன்னு நினைச்சேன்.”

அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் சிரிப்பு தாங்கவில்லை. அவள் பெயர் மாரிசெல். சிரிக்க வேண்டிய இடம் என்பது வெர்னாவுக்கும் தெரிந்தது. உதட்டை நீட்டிப் பார்த்தாள், வரவில்லை.

“உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?” என்றாள் மாரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உயரமா இருப்பாரே, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு? அவருக்குத் தெரியுமே. ஒன்பதாம் பெட்டி உங்களுது. நான் நைட் டூட்டி முடிஞ்சு வர்றப்ப தினம் பார்க்கிறேன். திறப்பார். பில்லு கில்லு, விளம்பரத்தாளு எல்லாம் எடுப்பார். அப்புறம் கையுறையைக் கழட்டிட்டு உள்ள கைய விட்டு எதையோ தொட்டுப் பார்ப்பார். அத எடுக்க மாட்டார். மூடிட்டுப் போயிடுவார். உள்ள எலி எதுவும் வளர்க்கிறாரோன்னு எங்க வீட்டுல சொல்லிச் சிரிச்சோம்.”

மின்சார பில் மாதம் தவறாமல் சாப்பாட்டு மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் பில், பீட்சாக் கடைக் கூப்பன்கள், வங்கியின் வாழ்த்து அட்டை. வெர்னாவே பணம் கட்டியிருக்கிறாள். திறக்காத பெட்டியிலிருந்து இதெல்லாம் எப்படி வருகிறது என்று ஒரு தடவைகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் போயிருந்தது அவள் மரத்துப்போனது.

மாரிசெல் “கதவுக்கு நீங்கதான் பெயின்ட் அடிச்சுத் தரணும், ஆன்ட்டி, சொல்லிட்டேன்!” என்று கத்திவிட்டுப் போன பிறகு வெர்னா ஒன்பதாம் கதவில் சாவியைப் போட்டாள். சத்தமே இல்லாமல் திரும்பியது. உள்ளே ஒரு பீட்சா விளம்பரம், அதன் அடியில் ஒரு நீளமான பழுப்பு உறை. அலுவலகத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. முத்திரையில் நவம்பர் இருபத்தாறு. உறையின் ஒரு மூலை மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. ஒட்டின இடம் பிரிக்கப்படவில்லை.

அவளும் அதைத் தொட்டாள். எடுக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஒரெஸ்ட் வாசலில் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் வருவதைப் பார்த்ததும் மண்வாரியை நிறுத்தினார்.

“பூட்டு திறந்துச்சு,” என்றாள் வெர்னா.

அவர் அவள் வெறும் கைகளைப் பார்த்தார்.

“ஏழு வாரம், ஒரெஸ்ட். ஏழு வாரமா நான் அடுத்தவங்க பூட்டைப் பொசுக்கிட்டு இருந்திருக்கேன். நீ குளிர் குறையட்டும் குறையட்டும்னு சொல்லிட்டு இருந்திருக்க.”

“ஆமா.”

“என் முகத்துக்கு நேரா சொல்லக் கஷ்டமா இருந்துச்சா? என் வாயாலதான் அவன் போனான்னு? அதைத்தானே உள்ள எழுதியிருக்கும்னு பயந்த?”

அவர் அவளை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீ என்ன சொல்ற?”

“நான் வீட்டை விட்டுப் போன்னு சொன்னது.”

“அதுவா?” என்றார் ஒரெஸ்ட். “அது இல்ல, வெர். அதுக்காக இல்ல.” மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்த முயன்றார், அது சாய்ந்து விழுந்தது. எடுக்கவில்லை. “குடிலைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினது நான். மாசக் கடைசிக்குள்ள பனி மேல இருக்கிற குடிலையெல்லாம் எடுத்துடணுமே. எனக்கு முதுகு வலி. நீ போயிட்டு வாடான்னேன். பனி எப்படிப்பா இருக்குன்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?” என்றாள் வெர்னா.

“ரெண்டடி கெட்டியா இருக்கு, ரயிலே ஓட்டலாம்னு சொன்னேன். நான் போய்ப் பார்க்கவே இல்ல. பத்து நாளா ஏரிப் பக்கமே போகல. சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். என் பேச்சை நம்பிப் போனான்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது?” என்றார் அவர். “விபத்துன்னு அதுல எழுதியிருந்தா, அவனைக் கொன்னது நான். அதான் எடுக்க முடியல. தினம் போறேன். இன்னிக்கு எடுத்துடலாம்னுதான் போறேன்.”

குளிரில் அவர் மூச்சு புகைபோல வந்துகொண்டிருந்தது. பத்து மாதமாக அவர் பேசாமல் இருந்ததையெல்லாம் வெர்னா தன் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டைத் தள்ளினால் கோபம், சீக்கிரம் படுத்தால் கோபம், வீட்டை விற்கலாம் என்றதும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால் அதுவும் கோபம். மனிதர் தன் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக அலைந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இப்போது கணக்கு அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த உறைக்குள் இருக்கும் ஒரு வார்த்தை அவர்களில் ஒருவரை விடுவித்துவிடும். மற்றவர் மேல் முழுப் பாரமும் இறங்கும்.

“வா,” என்றாள். “போய் எடுப்போம்.”

“இப்பவா?”

“இப்பவே.”

இருவரும் தெரு நடுவே நடந்து போனார்கள். நடைபாதை பனிக்கடியில் இருந்தது. ஒரெஸ்ட் பெட்டிக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டார். “நீயே படி,” என்றார். “என்கிட்ட கண்ணாடி இல்ல.”

கண்ணாடி அவர் கோட்டுப் பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது. வெர்னா அதைச் சொல்லவில்லை. ஒன்பதாம் கதவைத் திறந்து உறையை எடுத்து, கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுப் பிரித்தாள்.

இரண்டு தாள்கள். மேலே பெயர், பிறந்த தேதி, எடை, உயரம். ரத்தத்தில் மது இல்லை. பிறகு பத்தி பத்தியாக. பாதையைக் காட்டும் குச்சிகள் உருகலில் சரிந்துவிட்டிருந்தன. வழக்கமான தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததால் வண்டி சுற்றிப் போயிருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி முழுவதும் இறக்கப்பட்டிருந்தது. இறந்தவர் வண்டியிலிருந்து வெளியேறியிருக்கிறார். பனியின் விளிம்பைப் பற்றி ஏற முயன்றதற்கான காயங்கள் இரு கைகளின் விரல்களிலும் உள்ளன. நகங்கள் பெயர்ந்துள்ளன. நீரில் இருந்த நேரம் பத்திலிருந்து இருபது நிமிடம். கடைசிப் பக்கத்தின் அடியில் தனி வரியில்: மரணத்தின் வகை – விபத்து.

அவள் அந்த வரியை மட்டும் மறுபடி படித்தாள். முதலில் வந்தது சந்தோஷம். வேறு எந்தப் பெயரும் அதற்குச் சொல்ல முடியாது. அவன் சாகப் போகவில்லை. அவள் சொன்ன சொல்லைத் தூக்கிக்கொண்டு அவன் போகவில்லை. குடிலை எடுத்து வரத்தான் போனான். உயிரோடு வரத்தான் பார்த்தான், நகம் பெயரும்வரை பார்த்தான். பத்து மாதமாக மரத்துக் கிடந்த இடத்தில் முதலில் அந்தச் சந்தோஷம் குத்தியது. அடுத்த நொடியே, அதற்குப் பின்னாலேயே, அந்த இருபது நிமிடம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரெஸ்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மைனஸ் இருபத்தாறில், தேவாலயத்துக்குள் நிற்பதுபோல வெறுந்தலையோடு நின்றார். காதுகள் சிவந்துபோயிருந்தன.

“என்ன போட்டிருக்கு?” என்றார்.

வெர்னா தாள்களை மடித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு.

“அவங்களால முடிவு பண்ண முடியலையாம்,” என்றாள்.

“முடியலையா?”

“ரெண்டுல எதுன்னு சொல்ல ஆதாரம் பத்தலையாம். அப்படித்தான் எழுதியிருக்கு.”

“கஷ்டப்பட்டானா? அது ஏதும்...”

“இல்ல. உடனே உயிர் போயிடுச்சாம்.”

ஒரெஸ்ட் தலையைக் குனிந்தார். தோள்கள் ஒரு தடவை குலுங்கின. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு அவள் அருகில் வந்தார். பெட்டிக்குள் மிச்சமிருந்த பீட்சா விளம்பரத்தை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். கடிதத்துக்குக் கை நீட்டவில்லை. உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர், கொடு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெர்னா அதைக் கோட்டின் உள்பையில் வைத்தாள்.

திரும்பி நடந்தார்கள். மாரிசெல் வீட்டைத் தாண்டியதும் வெர்னாவுக்கு அழுகை வந்தது. நின்று அழவில்லை, நடந்துகொண்டே, மூக்கு ஒழுக, குழந்தைபோலச் சத்தமாக அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து இழுத்தது. ஒரெஸ்ட் அவள் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். மார்ச்சுக்குப் பிறகு அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“அழாத, வெர்,” என்றார். “எனக்கு ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியும். உன்னால இல்ல.”

“தெரியும்,” என்றாள் வெர்னா.